பழைய கீபோர்டுக்கு மாற்று அடாப்டர்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

பயன்படுத்திய கீபோர்டு ஒன்றை வாங்கினால் கருவி கிடைக்கும், தூசி படிந்த உறை கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஸ்டாண்டும் கிடைக்கும்; அடாப்டர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் அது அந்தக் கீபோர்டோடு வந்ததுதான் என்று நம்புவதற்கில்லை. வீட்டில் கிடந்த மோடம், செட்டாப் பாக்ஸ், கேமரா என ஏதோ ஒன்றின் அடாப்டரைச் செருகிப் பார்த்து, விளக்கு எரிந்ததும் "இதுவே போதும்" என்று சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். அடாப்டரே இல்லாமல் வாங்குவதைவிட இப்படி ஒன்றோடு வாங்குவதுதான் எனக்கு அதிக அச்சத்தைத் தருகிறது. இல்லாதவர் எதை வாங்குவது என்று யாரிடமாவது கேட்பார். இருப்பவர் எதையும் கேட்காமல் செருகிவிடுவார்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கையில் உள்ள அடாப்டரை அல்ல, கருவியின் அடிப்புறத்தை. மின் துளைக்கு அருகிலோ அடியிலோ எத்தனை வோல்ட், டி.சி.யா (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஏ.சி.யா (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்), முனையின் நடுப்பகுதி நேர்மின்னா எதிர்மின்னா என்ற விவரங்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு நேர்கோடும் அதன்கீழ் புள்ளிக்கோடும் இருந்தால் டி.சி.; அலைபோல வளைந்த ஒற்றைக் கோடு இருந்தால் ஏ.சி. நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி அரைவட்டம், இரு பக்கமும் கூட்டல், கழித்தல் குறிகள் கொண்ட சிறு படம்தான் துருவத்தைச் சொல்வது: நடுப்புள்ளியிலிருந்து புறப்படும் கோடு எந்தக் குறியைச் சென்று தொடுகிறதோ, அதுவே நடுமுனையின் துருவம். அச்சு அழிந்துபோயிருந்தால் மாடல் எண்ணைக் கொண்டு கையேட்டைத் தேடலாம். காசியோவும் யமஹாவும் தங்கள் பழைய மாடல்கள் பலவற்றின் கையேடுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன.

இந்தச் சிறு படத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு நிறுவனங்களே நல்ல எடுத்துக்காட்டு. சிடிகே-2000 போன்ற பழைய காசியோ மாடல்கள் கேட்பது ஏடி-5 என்ற அடாப்டரை; அது 9 வோல்ட், 850 மில்லி ஆம்பியர், நடுமுனை எதிர்மின். யமஹாவின் பிஎஸ்ஆர் வரிசைக் கீபோர்டுகள் பல கேட்பது பிஏ-130 என்ற அடாப்டரை. அது 12 வோல்ட், நடுமுனை நேர்மின். இரண்டின் முனைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே கருப்பு உருளைகள். ஒரே பாட்டு வகுப்பில் இவ்விரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, ஒரு மாணவர் அவசரத்தில் அடாப்டரை மாற்றிச் செருகினால், 9 வோல்ட் வேண்டிய கருவிக்கு 12 வோல்ட் அதுவும் தலைகீழாகப் போய்ச் சேரும். உள்ளே தலைகீழ் இணைப்பைத் தடுக்கும் டயோடு இருந்தால் கருவி வெறுமனே பேசாமலிருக்கும். இல்லாவிட்டால் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரில் தொடங்கிப் பின்னால் உள்ள சிப்புகள் வரை சேதம் பரவலாம். அந்த டயோடு இருக்கிறதா இல்லையா என்பது கருவியைத் திறந்து பார்க்காமல் தெரியாது.

பேட்டரிகளை எண்ணி வோல்ட்டைக் கணக்கிடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. ஆறு பெரிய டார்ச் செல்கள் போடும் காசியோவில் ஆறு ஒன்றரை ஒன்பது என்ற கணக்கு அடாப்டரோடு சரியாகப் பொருந்துகிறது. ஆனால் யமஹாவின் பிஎஸ்ஆர் கீபோர்டுகள் பலவற்றிலும் ஆறு செல்கள்தான். அடாப்டரோ 12 வோல்ட். எனவே செல்களை எண்ணுவது ஊகத்துக்கு உதவுமே தவிர, அதை வைத்து அடாப்டர் வாங்கக்கூடாது.

ஆம்பியர் விஷயத்தில் நிலவும் அச்சம் இதற்கு நேர்மாறானது, தேவையற்றதும்கூட. "ஒரு ஆம்பியர் கேட்கும் கருவிக்கு இரண்டு ஆம்பியர் கொடுத்தால் எரிந்துவிடாதா" என்று கேட்காதவர் குறைவு. பூஜை அறையில் எரியும் ஜீரோ வாட்ஸ் பல்பும் கீசரும் ஒரே 230 வோல்ட் இணைப்பிலிருந்துதான் மின்சாரம் பெறுகின்றன. கீசருக்குப் பத்து ஆம்பியருக்குமேல் தரக்கூடிய இணைப்பு என்பதற்காகப் பல்பு வெடிப்பதில்லை, அது தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. வோல்ட் என்பது அடாப்டர் கொடுப்பது, ஆம்பியர் என்பது கருவி எடுப்பது. அடாப்டரில் எழுதப்பட்ட ஆம்பியர் அதனால் தாங்கக்கூடிய உச்ச அளவு. அது கருவியின் தேவைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறைவாக மட்டும் இருக்கக்கூடாது. குறைந்தால் ஒலியைக் கூட்டும்போது கீபோர்டு தானாக அணைந்து எழும், அடாப்டர் தொடமுடியாத அளவுக்குச் சுடும்.

இனி கடையில் நம்முன் வைக்கப்படும் வழிகளுக்கு வரலாம். முதலாவது, கருவியைச் செய்த நிறுவனத்தின் அசல் அடாப்டர். பொருத்தத்தைப் பொறுத்தவரை இதற்கு இணை இல்லை. வோல்ட், துருவம், முனையின் அளவு எதையும் நாம் யோசிக்க வேண்டியதில்லை. குறைகள் மூன்று. விலை, பழைய கீபோர்டின் விலையோடு ஒப்பிட்டால் உறுத்தும். பழைய மாடல்களுக்கான அடாப்டர்கள் கடைகளில் கிடைப்பது அரிதாகிவிட்டது. மூன்றாவதுதான் பெரிய சிக்கல்: அசல் என்ற பெயரில் வருவதெல்லாம் அசல் அல்ல. 2016இல் அமெரிக்காவின் பாதுகாப்புச் சோதனை நிறுவனமான யு.எல்., ஆப்பிளின் பெயரைப் போலியாகத் தாங்கிய 400 ஐபோன் சார்ஜர்களைச் சோதித்தபோது 397 தேறவில்லை; அவற்றில் 12, உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னதிர்ச்சி தரக்கூடிய நிலையில் இருந்தன. அவை போன் சார்ஜர்கள்தான், ஆனால் சுவரில் செருகும் சிறு பெட்டி என்ற வகையில் கீபோர்டு அடாப்டரின் உட்புறமும் அதே தத்துவத்தில்தான் அமைந்திருக்கிறது. பெயரைப் பார்த்து வாங்குவது மட்டும் பாதுகாப்பாகாது.

பழைய அசல் அடாப்டரே கிடைத்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. கருவியோடு பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருந்த அடாப்டரின் உள்ளே இருக்கும் மின்பகு கெப்பாசிட்டர்கள் வெப்பத்தில் மெல்ல வறண்டுபோயிருக்கும். அதனால் மின்னழுத்தம் அலைபாயும், ஸ்பீக்கரில் உறுமல் கேட்கும். பெரும்பாலும் தொல்லை இதோடு நின்றுவிடும். எப்போதும் அல்ல: பழைய கணினிகளைச் சேகரிப்பவர்களிடையே கொமடோர் 64இன் மின்பெட்டிக்குக் கெட்ட பெயர் உண்டு. பிசின் ஊற்றி மூடப்பட்ட அந்தப் பெட்டிக்குள் ரெகுலேட்டர் பழுதானால் 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் அழுத்தம் உயர்ந்து, கணினியின் நினைவகச் சிப்புகளை எரித்துவிடும். அசல், ஆனால் அதுவே கருவிக்கு எமன். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவி என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: உள்ளீடு என்ற இடத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால் கவலையில்லை, அமெரிக்காவுக்குரிய 120 என்றோ ஜப்பானுக்குரிய 100 என்றோ மட்டும் இருந்தால், முனையை மாற்றும் சிறு பிளக்கை வைத்து நம் 230 வோல்ட்டில் அதைச் செருகவே கூடாது. அந்தப் பிளக் பின்களின் வடிவத்தை மட்டும் மாற்றுகிறது, மின்னழுத்தத்தை மாற்றுவதில்லை.

இரண்டாவது வழி, கடைக்காரர்கள் "எல்லாத்துக்கும் ஆகும்" என்று எடுத்து நீட்டும் யுனிவர்சல் அடாப்டர். மூத்தவர்கள் எலிமினேட்டர் என்பார்கள். மூன்றிலிருந்து பன்னிரண்டு வோல்ட் வரை தள்ளி வைக்கும் ஒரு சுவிட்ச், துருவத்தை மாற்ற இன்னொரு சுவிட்ச், ஆறேழு முனைகள் கொண்ட ஒரு கொத்து. ஒப்பீட்டில் நான் தயங்காமல் கடைசி இடம் கொடுப்பது இதற்கே. மலிவான எலிமினேட்டர்களின் உள்ளே இருப்பது ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடுகள், ஒரு கெப்பாசிட்டர். மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் பகுதி எதுவும் இல்லை. முழுச் சுமையில் இருக்கும்போதுதான் அது எழுதியபடி 9 வோல்ட் தரும். சுமை குறையக் குறைய அழுத்தம் ஏறும். நான் ஒருமுறை வாங்கிவந்த எலிமினேட்டரை 9 வோல்ட்டில் வைத்து, எதையும் இணைக்காமல் மல்டிமீட்டரில் பார்த்தபோது 13 வோல்ட்டைத் தாண்டியிருந்தது. அதைக் கடையில் சொன்னபோது, "மீட்டரை மாத்துங்க சார்" என்று பதில் வந்தது. மீட்டரில் குறையில்லை, அந்த வகை அடாப்டரின் இயல்பே அது. அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் இதைப் பொறுத்துக்கொண்டன. கீபோர்டின் உள்ளே இருக்கும் ரெகுலேட்டரோ கூடுதலாக வரும் ஒவ்வொரு வோல்ட்டையும் வெப்பமாகவே கழிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை அந்தச் சுவிட்சுகள்தாம். இன்று சரியாக வைத்தது நாளை பையில் உரசி ஒரு படி நகர்ந்துவிடும். துருவ சுவிட்ச் இருக்கும் ஓர் அடாப்டரை, குழந்தைகள் கைபடும் இடத்தில், துருவம் தவறினால் எரிந்துவிடக்கூடிய கருவியோடு வைத்திருப்பதில் எந்த நியாயமும் இல்லை.

மூன்றாவது வழி, ஒரே வோல்ட், ஒரே துருவம் கொண்ட, வேறு நிறுவனம் தயாரித்த எஸ்.எம்.பி.எஸ். வகை (மின்சாரத்தை மிக வேகமாகத் திறந்து மூடி அழுத்தத்தைக் குறைக்கும்) அடாப்டர். எடை குறைவு, சுமை ஏறினாலும் இறங்கினாலும் அழுத்தம் ஏறக்குறைய மாறாது, அசலைவிட விலை குறைவு. 12 வோல்ட், நடுமுனை நேர்மின் என்பது ரவுட்டர், கேமரா எனப் பல கருவிகளுக்குப் பொதுவான அளவு என்பதால் சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, சிற்றூர்களின் மின்னணுக் கடைகளிலும் கிடைக்கிறது. நல்லதும் மோசமானதும் ஒரே நிறப் பெட்டியில் கிடைப்பதுதான் இதில் தொல்லை. வேறுபாடு முழுவதும் உள்ளே இருக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ். அடாப்டர் ஒன்றின் பலகையை இரண்டு ஊர்களாக நினைத்துக்கொள்ளலாம். ஒரு கரையில் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட், மறு கரையில் நாம் தொடக்கூடிய 12 வோல்ட். இடையே பாலமாக இருப்பவை ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர், ஓர் ஒளி இணைப்பான், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் ஒரு கெப்பாசிட்டர். இரு கரைகளுக்கும் இடையே பலகையில் 5, 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு எந்தச் செம்புத் தடமும் இல்லாத வெற்றிடம் விடப்பட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுகளுக்கு நடுவே காப்பு நாடாவோ மூன்றடுக்குப் பூச்சுள்ள கம்பியோ இருக்க வேண்டும். அந்தக் கெப்பாசிட்டர், பழுதானாலும் ஷார்ட் ஆகாத பாதுகாப்பு வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இரு கரைகளுக்கும் இடையிலான காப்பு 3000 வோல்ட் ஏ.சி. சோதனையைத் தாங்க வேண்டும் என்பது தர விதி. விலையைக் குறைப்பவர்கள் கைவைப்பது சரியாக இந்த இடங்களில்தான்: வெற்றிடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டராகச் சுருங்கும், நாடா ஒரு சுற்றோடு நிற்கும், கெப்பாசிட்டர் கையில் கிடைத்த சாதாரண வகையாக இருக்கும். அப்படிப்பட்ட அடாப்டரும் 12 வோல்ட்டைச் சரியாகத்தான் தரும், மல்டிமீட்டரும் குறை சொல்லாது. காப்பு உடையும் நாளில் 230 வோல்ட் நேராகக் கீபோர்டுக்கும், அதில் செருகிய ஹெட்போனுக்கும் வரும்.

வாங்குபவர் பெட்டியை உடைத்துப் பார்க்க முடியாது என்பதால், வெளியிலிருந்து சரிபார்க்கக் கிடைப்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண்தான். 2012இல் வந்த கட்டாயப் பதிவு ஆணையும் அதன் பின்வந்த விரிவாக்கங்களும் கணினி சார்ந்த, ஒலி-ஒளிக் கருவிகள் சார்ந்த அடாப்டர்களை உள்ளடக்கியவை. அடாப்டரின் மேல் அமைவனத்தின் குறியும், ஐ.எஸ். 13252 அல்லது ஐ.எஸ். 616 போன்ற தர எண்ணும், ஆர் என்ற ஆங்கில எழுத்தைத் தொடர்ந்து எட்டு இலக்கங்களும் அச்சிடப்பட்டிருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைக் கொடுத்தால், அது எந்தத் தயாரிப்பாளருக்கு, எந்தப் பொருளுக்கு, எந்தப் பெயரில் வழங்கப்பட்டது என்று காட்டும். அங்கே எல்.ஈ.டி. விளக்கு என்றோ வேறொரு பெயர் என்றோ வந்தால் எண் இரவல் வாங்கப்பட்டது என்று பொருள். கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் முடியும் வேலை இது. கடைக்காரர் முகம் சுளிப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். அதோடு, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரங்கள் கொண்ட குறி இருக்கிறதா என்றும் பார்க்கலாம். எர்த் பின் இல்லாமலே இரட்டைக் காப்பில் இயங்குவது என்பது அதன் பொருள். இரண்டு பின் அடாப்டரில் அந்தக் குறி இல்லை என்றால் நான் வாங்கமாட்டேன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். நல்ல தரமான இரண்டு பின் அடாப்டரிலும், மேலே சொன்ன பாதுகாப்புக் கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் மறுகரைக்குக் கசியும். இரட்டைக் காப்பு உள்ள கருவிகளுக்கு அதன் உச்சவரம்பு கால் மில்லி ஆம்பியர். கிட்டார் கம்பியிலோ மைக்கின் உலோக வலையிலோ மெல்லத் தொட்டால் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நியான் டெஸ்டரை வைத்துப் பார்த்தாலும் மங்கலாக எரியும். அதைக்கொண்டு மட்டும் நல்லதையும் கெட்டதையும் பிரிக்க முடியாது. ஆனால் கையை உதறவைக்கும் அதிர்ச்சி என்பது வேறு. அதன்பின் அந்த அடாப்டரை ஒருமுறைகூடச் செருகக்கூடாது.

நான்காவது, வீட்டிலேயே கிடக்கும் பழைய ரவுட்டர் அல்லது செட்டாப் பாக்ஸ் அடாப்டர். இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. பெயர் தெரிந்த நிறுவனத்தின் கருவியோடு வந்தது, பதிவு எண் உள்ளது, 12 வோல்ட், ஒரு ஆம்பியருக்குக் குறையாதது, நடுமுனை நேர்மின் என்றால், 12 வோல்ட் யமஹாவுக்கு அது சந்தையில் கிடைக்கும் பெயரில்லாத புதியதைவிட மேலானது. முனை மட்டும் சரியாகப் பொருந்த வேண்டும். வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர் என்ற அளவிலேயே உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு வகைகள் இருக்கின்றன. 2.1 முனை 2.5 பின்னுக்குள் நுழையாது, அதனால் உடனே தெரிந்துவிடும்; 2.5 முனை 2.1 பின்னின்மேல் தளர்வாக உட்கார்ந்து, கருவி இயங்கவும் செய்யும். அசைந்தால் விட்டுவிட்டுத் தொடுவதும், தொடும் இடம் சூடேறிக் கருகுவதும் இந்தத் தளர்விலிருந்துதான் தொடங்குகின்றன. 9 வோல்ட், நடுமுனை எதிர்மின் கேட்கும் பழைய காசியோவுக்கு இந்த வழி ஏறக்குறைய மூடப்பட்டதே. அத்தகைய ரவுட்டர் அடாப்டர் கிடைப்பது அரிது. பாஸ் நிறுவனத்தின் கிட்டார் பெடல்களும் 9 வோல்ட், நடுமுனை எதிர்மின்தான் என்பதால், இசைக்கருவிக் கடையில் பெடல் அடாப்டர் என்று கேட்டால் கிடைக்கும்; ஆனால் 850 மில்லி ஆம்பியர் தருவதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும், பல பெடல் அடாப்டர்கள் அதற்குப் போதாது.

ஐந்தாவதாக, அண்மையில் பரவியிருக்கும் யு.எஸ்.பி. டைப்-சி வழி. போன் சார்ஜரிலிருந்து குறிப்பிட்ட வோல்ட்டைக் கேட்டு வாங்கும் சிறு கேபிள்கள் வந்துவிட்டன. பதிவுபெற்ற நல்ல சார்ஜர் ஏற்கெனவே வீட்டில் இருப்பதால் பாதுகாப்பு நோக்கில் இது கவர்ச்சியானதே. ஆனால் சார்ஜரும் கருவியும் வோல்ட்டைப் பேசி முடிவுசெய்யும் பவர் டெலிவரி முறையில் சாதாரணமாகக் கிடைக்கும் நிலையான படிகள் 5, 9, 15, 20 வோல்ட். 12 அவற்றில் கட்டாயமில்லை. 12 வோல்ட் கேட்கும் கேபிளை, 12 தராத சார்ஜரில் மாட்டினால் 9 அல்லது 5 வோல்ட்தான் வரும். கீபோர்டு எழாது, அல்லது எழுந்து தடுமாறும். குறைபாடு கருவியில் என்று நினைத்து மெக்கானிக்கிடம் தூக்கிப்போவோம். 9 வோல்ட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் கேபிளின் முனை பெரும்பாலும் நடுமுனை நேர்மின்னாகவே வருகிறது. ஆக, பழைய காசியோவுக்கு வோல்ட் பொருந்தித் துருவம் பொருந்தாது, யமஹாவுக்குத் துருவம் பொருந்தி வோல்ட் உறுதியில்லை.

பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரம் ஒருமுறை பஜனைக்கோ தேவாலயத்துக்கோ மட்டும் எடுத்துச் செல்லும் கீபோர்டுக்கு ஆறு செல்கள் மோசமான தேர்வல்ல. சுவர் மின்சாரமே இல்லாததால் மேலே சொன்ன ஆபத்துகளும் இல்லை, உறுமலும் இல்லை. தினமும் இரண்டு மணிநேரம் பயிற்சி செய்பவருக்குச் செலவு தாங்காது.

கீபோர்டைத் தாண்டி இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துச் செல்லக்கூடாத கருவிகள் உண்டு. சில பழைய மிக்சர்களும் எஃபெக்ட் பெட்டிகளும் கேட்பது 9 வோல்ட் ஏ.சி.; அவற்றின் அடாப்டருக்குள் வெறும் டிரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கும், டி.சி. அடாப்டர் அங்கே உதவாது. டெல் மடிக்கணினிகளில் முனையின் நடுவிலுள்ள மெல்லிய பின் அடாப்டரின் அடையாளத்தைச் சொல்வது. வோல்ட் சரியாக இருந்தாலும் அந்த அடையாளம் கிடைக்காவிட்டால் பேட்டரி ஏறாது, வேகமும் குறையும். அத்தகைய கருவிகளுக்கு அசலையோ, அந்த மாடலுக்கென்றே செய்து பதிவு பெற்றதையோ தவிர வேறு வழியில்லை.

என் தேர்வைக் கேட்டால், 12 வோல்ட் யமஹாவுக்குப் பதிவு எண் சரிபார்த்த மூன்றாம் நிறுவன எஸ்.எம்.பி.எஸ். அடாப்டர், அல்லது அதே தகுதியுள்ள பழைய ரவுட்டர் அடாப்டர். அசலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. 9 வோல்ட், நடுமுனை எதிர்மின் காசியோவுக்கு நம்பகமான இடத்திலிருந்து அசல், கிடைக்கும்வரை பேட்டரி. முனையை வெட்டிக் கம்பிகளை மாற்றிச் சாலிடர் செய்து தருவதாகக் கடையில் சொன்னால் மறுத்துவிடுவேன். வேலை தவறு என்பதற்காக அல்ல, மாற்றப்பட்ட அடாப்டரின் மேல் பழைய துருவப் படமே ஒட்டியிருக்கும் என்பதற்காக.

வாங்கி வந்ததும், கருவியில் செருகுமுன் மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முள்ளை முனையின் உட்துளையிலும் கருப்பு முள்ளை வெளி உருளையிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் நடுமுனை எதிர்மின். எஸ்.எம்.பி.எஸ். அடாப்டரில் அளவு எழுதியதற்கு ஐந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு கருவியில் இணைத்து, ஒலியைக் கூட்டி ஒரு மணிநேரம் வாசித்துவிட்டு அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள்: வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடும் கருகல் வாடையும் இயல்பல்ல. எல்லாம் சரியென்றால், வெள்ளை டேப் ஒன்றில் கருவியின் மாடல் எண்ணை எழுதி அடாப்டரின் கம்பியிலும், அதே எண்ணைக் கீபோர்டின் மின் துளைக்கு மேலும் ஒட்டிவிடுங்கள். வீட்டில் இரண்டு கீபோர்டு இருந்தால் டேப்பின் நிறத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.